தங்கம் போன பிறகும் மிஞ்சிய தாள்

கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் உழைத்த தமிழர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு கனவை நம்பிக் கைக்காசைக் கொடுத்தார்கள். சுரங்கம் மூடியாகிவிட்டது. அந்தக் கனவு இன்னும் அச்சில் இருக்கிறது.

மாரிகுப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, தங்கச் சுரங்கத்துக்காகவே போடப்பட்ட கிளைப் பாதை இது. அந்த நாளில் இங்கே ரயில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. இன்று அள்ளிக்கொண்டு போகிறது. விடியுமுன்பே சாப்பாட்டுப் பையோடு ஏறும் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூரில் இறங்கி வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பின் திரும்புகிறார்கள். ஊரில் வீடு இருக்கிறது, வேலை இல்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் தங்கத்தைக் கொடுத்த பூமி அது. அதன் கடைசி ஆழம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர். மிஞ்சியவை துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரங்களும், வரிசை வரிசையாக நிற்கும் லைன் வீடுகளும், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்ணின் மேடுகளும்தான். காற்றடிக்கும் காலத்தில் அந்த மண் எழும்பி வீடுகளுக்குள் படிகிறது.

தங்கவயலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கி இங்கேயே முடிக்கிறார்கள். தோண்டினார்கள், எடுத்தார்கள், போய்விட்டார்கள் என்ற கதை அது. ஆனால் இந்த ஊரில் தங்கத்தைத் தேடாத ஒரு கனவும் இருந்தது. அதைக் கண்டவர்களிடம் மூலதனம் இல்லை, லைசென்ஸ் இல்லை, படிப்பும் அதிகம் இல்லை. சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென ஒரு சங்கமும், ஒரு பத்திரிகையும், ஒரு வரலாறும் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையைச் செயலாக்கியும் காட்டினார்கள்.

மாட்டுவண்டியில் வந்த கனவு

ஒப்பிட்டுப் பார்க்க முதல் கனவையும் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு பழைய தாளிலிருந்து பிறந்ததுதான். திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லைகளை அளக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரிகளில் ஜான் வாரன் ஒருவர். இந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் இருப்பதாக அவர் காதில் விழுந்தது. கொண்டுவந்து காட்டுபவர்களுக்குச் சன்மானம் உண்டு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவினார்கள். அடியில் பொன்துகள் மின்னியது. மாரிகுப்பத்துக்காரர்களுக்குத் தங்கம் எடுக்கும் வேலை அதற்கு முன்பே பழக்கமானது. வாரன் எழுதிவைத்த குறிப்பு 1804-ல் ஒரு பத்திரிகையில் வெளியாகி, அப்படியே மறந்துபோனது.

1871-ல் அது மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவேல் என்ற ஐரிஷ்காரர் கையில் கிடைத்தது. நியூசிலாந்தில் மாவோரிகளை எதிர்த்துப் போரிட்டுவிட்டுப் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் வந்து தங்கியிருந்த சிப்பாய் அவர். நாலு பக்கக் கட்டுரையைப் படித்துவிட்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் புறப்பட்டார். இரண்டு வருஷம் சுற்றிப் பார்த்துவிட்டு, 1873-ல் மைசூர் அரசுக்கு விண்ணப்பம் போட்டார். 1875-ல் இருபது வருஷக் குத்தகை கிடைத்தது.

கையில் காசு போதவில்லை. இரண்டே ஆண்டில் உரிமை வேறு ராணுவ அதிகாரிகள் கைக்குப் போனது. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. அவர்களுக்கும் ஆரம்பத்தில் மண்தான் கிடைத்தது. பங்குதாரர்கள் மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்த கட்டத்தில் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்றது கம்பெனி. சாம்பியன் ரீஃப் என்று பின்னாளில் பெயர் பெற்ற தங்க நரம்பு அகப்பட்டது. பிறகு நடந்தது உலகம் அறிந்தது. லவேலின் பெயர் பெங்களூரில் ஒரு சாலைக்கு மிஞ்சியது.

ஒருவன் படித்தான், நம்பினான், புறப்பட்டான் என்பது வரையில் இது நல்ல கதை. ஆனால் பணம் தீர்ந்ததும் அவன் கனவு இன்னொருவன் சொத்தாகிவிட்டது. இரண்டாவது கனவு வேறு வழியில் போனது.

கீழே இறங்கியவர்கள்

தங்கத்தை வெட்டி எடுக்க ஆள் வேண்டும். மைசூர் கிராமங்களிலிருந்து போதிய ஆட்கள் வரவில்லை. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் பேசும் குடும்பங்கள் வந்தன. பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான சாதியினர். 1876-78 பஞ்சம் கிராமங்களைச் சூறையாடியிருந்தது. பஞ்சம் இல்லாத காலத்திலும் அங்கே அவர்களுக்கு நிலம் இல்லை, ஊர்க் கிணறு இல்லை, கோயில் வாசல் இல்லை. சுரங்கம் பெருகிய காலத்தில் முப்பதாயிரம் பேர் வரை இங்கே வேலை பார்த்தார்கள்.

தங்கவயல் சொர்க்கம் அல்ல. ஆழமான மட்டங்களில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறை வெடிக்கும், ஆட்கள் புதைவார்கள். மேலே வெள்ளைக்காரர்களுக்குப் பங்களாவும் கிளப்பும் இருந்தன. தொழிலாளிக்கு இருந்தது மூங்கில் தட்டியடைத்த ஒற்றை அறை. 1902 ஜூன் 30-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. அந்நாளில் உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். ஆனால் அந்த வெளிச்சம் இயந்திரங்களுக்காக வந்தது. லைன் வீடுகளுக்காக அல்ல.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. கிராமத்தில் கூலி நெல்லாக வரும், பண்ணையார் மனசு வைத்தால் வரும். இங்கே காசாக வந்தது. ஷிஃப்ட் முடிந்த பிறகு நேரம் தொழிலாளியுடையது. கேட்டுக் கையைக் கட்ட வேண்டிய பண்ணையார் பக்கத்தில் இல்லை. ஒரே மாதிரி வாழ்க்கையிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சுவரை ஒட்டிச் சுவராக வாழ்ந்தன. சென்னையிலிருந்து தபால் ரயிலேறி வந்துவிடும். கனவு காண்பதற்கு இவ்வளவு போதும். கனவுக்கு ஓர் உருவம்தான் தேவைப்பட்டது. அது சென்னை ராயப்பேட்டையிலிருந்து வந்தது.

பெயரை மாற்றிக்கொண்ட பண்டிதர்

அயோத்திதாசர் 1845 மே 20-ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் மீதுள்ள பக்தியால் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். தமிழ், வடமொழி, பாலி, ஆங்கிலம் அறிந்தவர். தொழில் சித்த வைத்தியம். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அத்வைதானந்த சபை, பிறகு 1891-ல் திராவிட மகாஜன சபை என்று அமைப்புகளைக் கட்டினார்.

1892-ல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். தம் மக்களுக்குக் கல்வியும் தரிசு நிலமும் கேட்டபோது சபையினர் தலையாட்டினார்கள். விஷ்ணு, சிவன் கோயில்களில் நுழையும் உரிமையைக் கேட்டபோது கூச்சல் எழுந்தது. அந்தச் சாமிகள் உங்களுக்கில்லை, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காத்தவராயனும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. அவர் கைவிட்ட பெயரே அவர் முகத்தில் எறியப்பட்டது. அப்படியானால் உங்கள் சாமிகளே எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வேண்டாம் என்று சொல்வது சுலபம். வேண்டியது எது என்று சொல்ல அவருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. பழைய தமிழ் இலக்கியங்களையும் நிகண்டுகளையும் படித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இன்று தீண்டத்தகாதவர்கள் எனப்படுபவர்கள் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள். பௌத்தத்தைத் தோற்கடித்தவர்கள்தான் அவர்களைத் தாழ்த்தினார்கள். 1898-ல் தியோசாபிகல் சொசைட்டியின் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு கொழும்புக்குப் போய், சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியது 1956-ல். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

பண்டிதரின் கருத்து தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒரு பெரிய கதவைத் திறந்தது. நீ பிறவியிலேயே தாழ்ந்தவன் அல்ல, தாழ்த்தப்பட்டவன் என்கிறது அது. தாழ்ந்தவன் என்றால் செய்ய ஒன்றுமில்லை. தாழ்த்தப்பட்டவன் என்றால், எழுந்து நிற்கலாம். நம்பிக்கை வேலை செய்யத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

காலணாப் பத்திரிகை

1907 ஜூன் 19-ல் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார் அயோத்திதாசர். நாலு பக்கம். காலணா விலை. பெயர் ஒரு பைசாத் தமிழன். அடுத்த ஆண்டு வாசகர்கள் சொன்னதற்கிணங்க அது தமிழன் ஆனது. புதன்கிழமைதோறும் வந்தது.

அதன் பக்கங்களில் எல்லாம் இருந்தன. அரசாங்கத்துக்கு விண்ணப்பம், சுதேசி இயக்கத்தின் மீது விமர்சனம், விவசாயம், மருந்து, மழை, நோய், புத்தர் வரலாறு, திருக்குறளுக்குப் புது உரை. வாசகர்கள் கேள்வி எழுதிக் கேட்டார்கள், பண்டிதர் பதில் எழுதினார். சாதி எப்படி வந்தது, இந்தப் பண்டிகைக்கு என்ன பொருள், இந்தச் சொல்லுக்கு என்ன வேர் என்று கேள்விகள் குவிந்தன. கேட்டவர்களில் சுரங்கத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

தங்கவயல் இந்தப் பத்திரிகையின் இரண்டாவது வீடானது. 1907-லேயே மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் வேரூன்றியது. அதை முன்நின்று நடத்தியவர் எம்.ஒய். முருகேசர். சாம்பியன் ரீஃபிலும் கிளை வந்தது. பத்திரிகைக்குச் சொந்த அச்சகம் இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும் என்ற நிலை வந்தபோது, கௌதமா அச்சகம் எழுந்ததில் தங்கவயல் ஆதரவாளர்களின் பங்கு பெரிது. பெங்களூர், ஹூப்ளி, செகந்திராபாத், கடல் தாண்டி ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் என்று சங்கத்தின் கிளைகள் பரவின. தமிழ்த் தொழிலாளி எங்கே கூலிக்குப் போனானோ அங்கே பத்திரிகையும் போனது.

காலணா சின்னக் காசுதான். ஆனால் வாராவாரம் கொடுக்க வேண்டிய காசு. ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு நூறு ரூபாய் கொடுப்பது வேறு. சம்பளம் வந்த வாரமும், சீட்டுக் கட்ட வேண்டிய வாரமும், குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட வாரமும் மறக்காமல் காலணா எடுத்து வைப்பது வேறு. லவேலின் கனவில் இல்லாதது இதுதான். அங்கே ஒருவரின் சேமிப்பு தீர்ந்ததும் கதை முடிந்தது. இங்கே தீர்ந்துபோகும் அளவுக்கு யாரிடமும் சேமிப்பே இல்லை. ஆகவே கனவைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

நாள்காட்டியில் நுழைந்த நம்பிக்கை

மதமாற்றம் என்றால் பெயர் மாறும், கும்பிடும் உருவம் மாறும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். தங்கவயலில் நாள்காட்டிக்கே பொருள் மாறியது. தீபாவளி நரகாசுரனைக் கொன்ற நாள் அல்ல, எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்து, மக்கள் அதைத் தேய்த்துக் குளித்த நாள் என்றார் அயோத்திதாசர். கார்த்திகை தீபம் ஆமணக்கு நெய்யில் விளக்கேற்றக் கற்றுக்கொண்ட நாள் என்றார். ஐந்து இந்திரியங்களை வென்ற புத்தருக்கு இந்திரர் என்று பெயர், அவர் தேசமே இந்தியா என்றார்.

இந்த வேர்ச்சொல் ஆராய்ச்சிகளை இன்றைய மொழியியலாளர்கள் அப்படியே ஏற்கமாட்டார்கள். பல இடங்களில் பண்டிதரின் கற்பனை ஆதாரத்துக்கு முன்னால் ஓடுகிறது. ஆனால் அவை என்ன வேலையைச் செய்தன என்று பார்க்க வேண்டும். பழைய கதையில் அசுரன் கொல்லப்படுகிறான். கொல்லப்பட்டவன் யார் என்று கேட்டால் தாழ்த்தப்பட்டவன் தன் முகத்தையே அங்கே பார்க்கிறான். புதிய கதையில் கொலை இல்லை. ஓர் எண்ணெயைக் கண்டுபிடித்த உழைப்பாளி இருக்கிறான். பகல் முழுவதும் பாறையை உடைத்துவிட்டு வந்தவனுக்குப் பண்டிகை முதல்முறையாகத் தன்னுடையதாகத் தெரிந்தது.

சங்கத்தில் வாரந்தோறும் பிரசங்கம் நடந்தது. புத்தர் பிறந்த நாள் கொண்டாடப்பட்டது. கல்யாணமும் சாவும் பௌத்த முறைப்படி நடந்தன. புரோகிதர் வருவாரா, எந்த வாசலில் நிற்பார் என்ற கவலை போயிற்று. பௌத்தம் தழுவியவர்கள் தங்கவயல் மக்கள்தொகையில் சிறுபான்மைதான். பக்கத்து லைனில் வைணவர்களும், கிறிஸ்தவர்களும், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் இருந்தார்கள். எண்ணிக்கையை வைத்து மட்டும் பார்த்தால் இந்த இயக்கம் கண்ணில் படாது. எழுதி அச்சிட்ட பக்கங்களை வைத்துப் பார்த்தால்தான் அதன் உயரம் தெரியும்.

ஆசான் போன பிறகு

1914 மே 5-ல் அயோத்திதாசர் காலமானார். குறள் உரை பாதியில் நின்றது. மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் பத்திரிகையை இழுத்துப் பிடித்தார். பிறகு அது நின்றது.

தனிமனிதரை நம்பிப் பிறந்த இயக்கங்கள் இந்த இடத்தில்தான் வழக்கமாகச் செத்துப்போகும். ஆசான் படமாகிவிடுவார், வருஷத்துக்கொரு மாலை விழும். தங்கவயலில் அப்படி நடக்கவில்லை. 1926-ல் தமிழன் மறுபடி வந்தது. இந்த முறை சென்னையிலிருந்து அல்ல, தங்கவயலிலிருந்தே. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். 1930-களின் நடுப்பகுதி வரை அவர் அதை நடத்தினார். ராயப்பேட்டையிலிருந்து வருவதை எடுத்துப் படித்த ஊர், தானே எழுதி அச்சிட்டு அனுப்பும் ஊரானது. வாசகர்கள் பதிப்பாளர்கள் ஆனார்கள். சாம்பியன் ரீஃபின் அய்யாக்கண்ணு புலவரைப் போன்றவர்கள் பேனா பிடித்தார்கள்.

காலமும் மாறியிருந்தது. 1925-ல் பெரியாரின் குடி அரசு தொடங்கிவிட்டது. சுயமரியாதை இயக்கம் சொன்ன பல விஷயங்கள் தங்கவயல் பௌத்தர்களுக்குப் புதிதல்ல. சாதி மறுப்பு, புரோகிதர் இல்லாத கல்யாணம், புராணங்கள் மீதான கேள்வி எல்லாம் அவர்கள் இருபது வருஷமாகப் பேசியவை. அப்பாதுரையார் இரண்டு பக்கத்தோடும் உறவாடினார். புத்தர் அருள் அறம் என்ற அவர் நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

நம்பிக்கை இங்கே யாரையும் சாதுவாக்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1930-ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முயன்றது. குற்றவாளிகளுக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வதா என்று ஊரே வெகுண்டது. மூன்று வாரம் போல வேலைநிறுத்தம் நீடித்தது. பெயர் சொல்லும்படியான தொழிற்சங்கம் எதுவும் அப்போது கிடையாது. 1946 நவம்பர் 4-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் போராட்டங்கள் பௌத்த சங்கத்தின் வேலை அல்ல. பின்னதில் கம்யூனிஸ்டுகளின் கை பெரிது. ஆனால் கைரேகை ஒரு மானப் பிரச்சினை என்று ஒரு தொழிலாளர் கூட்டம் உணர்வதற்கு முன்னால், மானம் தனக்கும் உண்டு என்று யாரோ இருபது வருஷமாக வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கனவின் குறைகள்

இந்த வரலாற்றைப் பூசி மெழுக வேண்டியதில்லை. அயோத்திதாசர் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, தாழ்ந்தவர்கள் வேறு என்று பிரித்தார். அருந்ததியர், குறவர் போன்றவர்களை இரண்டாவது வகையில் நிறுத்தி அவர் எழுதியவை இன்று படிக்கும்போது உறுத்துகின்றன. தலித் சிந்தனையாளர்கள் மத்தியிலேயே இதைப் பற்றிக் காரசாரமான விவாதம் நடந்திருக்கிறது. தன் மேல் சுமத்தப்பட்ட ஏணியை உடைத்தவர், அதன் கீழ்ப்படியில் நின்றவர்களைப் பார்க்கத் தவறினார்.

பிரிட்டிஷ் அரசின் மீது அவர் வைத்த நம்பிக்கையும் கேள்விக்குரியதுதான். தங்கவயல் தொழிலாளியின் வியர்வையில் வந்த லாபம் லண்டனுக்குத்தான் கப்பலேறியது. ஆனால் சுதேசி பேசியவர்கள் கோயில் கதவைத் திறக்க மறுத்ததை நேரில் பார்த்தவர் அவர். பார்த்ததைக் கொண்டுதான் மனிதன் முடிவுக்கு வருகிறான்.

காப்பாற்றியவர்கள்

சுதந்திரத்துக்குப் பிறகு அயோத்திதாசரின் பெயர் தமிழ்நாட்டின் பொது நினைவிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனது. பாடப்புத்தகங்களில் இல்லை. இலக்கிய வரலாறுகளில் இல்லை. தங்கவயலில் இருந்தது. ஆண்டர்சன்பேட்டையின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக 1950-களிலும் அச்சிட்டுக்கொண்டிருந்தது. அம்பேத்கர் 1954-ல் தங்கவயலுக்கு வந்தபோது, பௌத்தம் அங்கே விதைக்க வேண்டிய விதையாக இல்லை. அரை நூற்றாண்டு வயதான மரமாக இருந்தது. இதே வட்டத்தின் பேராசிரியர் பி. லட்சுமி நரசு 1907-ல் எழுதிய பௌத்த நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948-ல் முன்னுரை எழுதியவரும் அம்பேத்கர்தான்.

பழைய தமிழன் இதழ்களை நூலகங்கள் பாதுகாத்ததைவிடத் தனி மனிதர்கள் பாதுகாத்ததே அதிகம். அன்பு பொன்னோவியம், தி.பெ. கமலநாதன் போன்றவர்கள் செல்லரிக்கும் தாள்களை வீட்டில் வைத்துக் காத்தார்கள். யாரும் கேட்காத காலத்தில், கேட்கும் காலம் வரும் என்று நம்பிக் காத்தார்கள். அந்தக் காலம் 1990-களில் வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் எழுத்து தமிழில் பொங்கியது. ஆய்வாளர் ஞான. அலாய்சியஸ் 1998-ல் இந்தப் பௌத்த இயக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதினார். மறுவருஷம் அவர் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் இரண்டு பெரிய தொகுதிகளாகப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்திலிருந்து வெளிவந்தது.

அதன் பிறகு மரியாதைகள் வரிசையாக வந்தன. 2005-ல் தபால் தலை. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர். 2023 டிசம்பரில் சென்னை காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபம். 2024-ல் வந்த பா. ரஞ்சித்தின் தங்கலான் திரைப்படம் சுரங்கத்துக்குப் புறப்பட்ட வட ஆற்காட்டு மக்களையும் பௌத்த நினைவையும் ஒரே கதையில் இணைத்தது.

மேட்டில் மிஞ்சியது

தங்கவயல் இளைஞனுக்கு இந்த மரியாதைகளால் வேலை கிடைத்துவிடவில்லை. அவன் இன்னும் பெங்களூர் ரயிலைத்தான் நம்பியிருக்கிறான். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,000 ஏக்கரில் பரந்து கிடக்கும் 13 சயனைடு மேடுகளை மறுபடி சலித்து, அந்த 3.3 கோடி டன் மண்ணில் மிஞ்சியிருக்கும் தங்கத்தைப் பிரிப்பது திட்டம். கழிவு என்று கொட்டியதில் இன்னும் பொன் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு சரியாக வருமா என்பது போகப்போகத் தெரியும். ஆனால் இதே ஊரில் ஒரு முறை அப்படிப்பட்ட கணக்கு பலித்திருக்கிறது. கழிவு என்று ஒதுக்கப்பட்ட மனிதர்கள், எவரும் சீந்தாத பழைய நூல்களைச் சலித்துத் தங்கள் வரலாற்றை எடுத்தார்கள். பிறகு அவர்கள் அச்சிட்ட தாள்களும் அதே மாதிரி ஒதுக்கப்பட்டு, அதே மாதிரி மீட்கப்பட்டன.

கனவு காணச் சொல்லும் புத்தகங்கள் இன்று ரயில் நிலையக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. உன்னை நம்பு, உயரே பற என்கின்றன அவை. அவற்றில் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே பறக்கிறார். மாரிகுப்பத்தின் பாடம் அதைவிடச் சிக்கனமானது. கனவு ஒருவரிடமிருந்து வரலாம். ஆனால் அது நிலைக்க வேண்டுமானால் இன்னொருவர் தன் சம்பளத்திலிருந்து அதற்கு ஒரு காலணா ஒதுக்க வேண்டும். அடுத்த வாரமும் ஒதுக்க வேண்டும். 800 டன் தங்கத்தில் ஒரு குன்றிமணி கூடத் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. அந்தக் காலணாக்கள் மட்டும் அவனுடையவை.